முறத்தில் விழுந்த வழக்கு: வீட்டுப் பீடித் தொழிலாளரின் சட்டநிலை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் ‘வீட்டிலிருந்து வேலை’ என்னும் தொடர் நம் நாட்டு நாளிதழ்களில் அன்றாடச் சொல்லாயிற்று. அலுவலகக் கணினியை வீட்டுக்குக் கொண்டு சென்றவர் ஊழியராகவே நீடித்தார். அவருடைய சேமநிதியும் ஆண்டு விடுப்பும் தொடர்ந்தன. அதே வீட்டில் அதே மேசையில் அமர்ந்து, ஒரு நிறுவனத்துக்காகப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி மொழிபெயர்த்துக் கொடுத்தவரோ குத்தகையாளர் எனப்பட்டார். வேலை நின்றபோது அவரை அமர்த்தியவர் எவரும் அவருக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை. இடம் ஒன்று, உழைப்பும் ஏறத்தாழ ஒன்று, சட்டநிலை மட்டும் வேறு.

இவ்வேறுபாடு கணினியோடு தோன்றியதன்று. வீட்டில் அமர்ந்து பிறருக்காகப் பொருள் செய்பவர் ஊழியரா, தம்பொறுப்பில் தொழில் நடத்தும் ஒப்பந்தக்காரரா என்னும் வினாவை இந்திய நீதிமன்றங்கள் முப்பதாண்டுகளுக்கு மேல் விவாதித்துள்ளன. அவ்விவாதத்தின் பெரும்பகுதி பீடி என்னும் சிறு பொருளைச் சுற்றியே நடந்தது. அதில் திருப்பமாக அமைந்த வழக்கு சென்னை மாநிலத்திலிருந்து சென்றதாகும். நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் மூத்த தலைமுறையினர் புகைத்த பீடியைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அதைச் சுற்றிய கைகளைப் பற்றி எண்ணியவர் குறைவு. அக்கைகளின் சட்டநிலையை முடிவு செய்தது வேலை நடந்த இடமோ வேலை நேரமோ அன்று. சுற்றிய பீடியைத் தள்ளிவிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

பீடித் தொழிலின் அமைப்பு

பீடிக்குரிய இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளில் பறிக்கப்படுவது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் அவ்வகை இலைக்காடு இல்லை. இருப்பினும் அங்கே பீடித் தொழில் வேரூன்றியது. இதற்குக் காரணம் மூலப்பொருள் அன்று. குறைந்த கூலிக்குக் கிடைத்த தேர்ந்த கைகளே. இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை நிரவிச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டுதல் என்னும் இவ்வேலைக்கு இயந்திரம் தேவையில்லை, தொழிற்கூடமும் தேவையில்லை. மடியில் ஒரு முறம் இருந்தால் போதும்.

தொழிலின் உச்சியில் வணிகச் சின்னத்துக்கு உரிமையாளரான முதலாளி இருப்பார். அவருக்கும் சுற்றுபவருக்கும் இடையே ஒப்பந்தக்காரர் ஒருவர் கடை வைத்திருப்பார். அவர் இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுப்பார். சுற்றிய பீடியை எண்ணி வாங்குவார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி தருவார். வாங்கும்போது சுற்று தளர்ந்தவை, அளவு தவறியவை எனச் சிலவற்றை ஒதுக்குவார். ஒதுக்கப்பட்டவற்றுக்குக் கூலி இல்லை. கொடுத்த இலையில் ஓட்டையும் கிழிசலும் மிகுந்து எண்ணிக்கை குறைந்தால், சுற்றுபவர் தம் கைப்பணத்தில் இலை வாங்கி ஈடுசெய்ய வேண்டியிருந்தது. இலை மோசமாக இருந்ததன் இழப்பு இலையைத் தேர்ந்தெடுத்தவரைச் சேராமல் அதைச் சுற்றியவரைச் சேர்ந்தது. பின்னர் நடந்த வழக்குகளின் உள்ளீடு இவ்வொரு செய்தியில் அடங்கியிருந்தது எனினும், நீதிமன்றம் இதைக் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இருவகை ஒப்பந்தம்

ஆங்கிலேயப் பொதுச் சட்டம் உழைப்பை இருவகை ஒப்பந்தங்களாகப் பிரித்தது. ஒன்று பணி ஒப்பந்தம்; மற்றொன்று சேவை ஒப்பந்தம். நாள் சம்பளத்துக்கு வரும் கொத்தனாரிடம் ‘இந்தச் சுவரை எழுப்பு’ என்று கூறுவதோடு, எப்படி எழுப்ப வேண்டும் என்றும் மேலாள் கூறலாம். வீட்டையே கட்டித்தரக் குத்தகை எடுத்தவரிடம் முடிந்த வீட்டைத்தான் கேட்கலாம், வழிமுறை அவருடையது. முன்னவர் ஊழியர், பின்னவர் தற்சார்பு ஒப்பந்தக்காரர். செய்யும் முறையின்மீது மேலாளுக்குக் கட்டுப்பாடு உண்டா என்பதே உரைகல்லாகக் கொள்ளப்பட்டது.

தொழிற்சாலைக்கு இவ்வுரைகல் பொருந்தும். வீட்டுக்கு இது பொருந்துவதில்லை. மேற்பார்வையாளர் அங்கு இல்லை, மணி அடிப்பதில்லை, உலை கொதிக்கும்போது முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழலாம். இவ்வகையில் நோக்கின் வீட்டில் வேலை செய்பவர் எவரும் ஊழியராக இயலாது. இச்சிக்கலை இங்கிலாந்து முன்னரே கண்டிருந்தது. தையல், அட்டைப்பெட்டி, சரிகைப் பின்னல், சங்கிலி ஆகிய தொழில்களில் வீட்டிலும் சிறு பட்டறைகளிலும் உழைத்தோரின் கூலி மிகத் தாழ்ந்திருந்ததால், 1909ஆம் ஆண்டுத் தொழில் வாரியச் சட்டம் அத்தொழில்களுக்குக் குறைந்த கூலியை வரையறுக்க வழி செய்தது. அம்மரபின் சாயல் இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் குறைந்த கூலிச் சட்டத்திலும் உண்டு. பொருளைப் பெற்றுத் தம் வீட்டில் செய்து தரும் ‘வெளியிடத் தொழிலாளி’யை அச்சட்டம் ஊழியர் என்னும் வரையறைக்குள் சேர்த்தது, பீடித் தயாரிப்பும் அதன் அட்டவணையில் இடம்பெற்றது. ஆயின் அது கூலியை மட்டுமே தொட்டது. வேலை நேரம், விடுப்பு, நலவசதி ஆகியவை தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வந்தன. அச்சட்டமோ ‘தொழிற்சாலை’ என்னும் இடத்தையும், அங்கு வேலை செய்யும் ஆள் எண்ணிக்கையையும் கொண்டு அளந்தது. மின்விசை இல்லாத இடத்தில் இருபது பேர் சேர்ந்தால்தான் அது தொழிற்சாலை. பீடி முதலாளிகள் இக்கணக்கை நன்கு அறிந்திருந்தனர். வேலையைப் பல சிறு கொட்டகைகளாகவும் வீடுகளாகவும் பிரித்துவிட்டால் சட்டம் எட்டாது.

நீதிமன்றத்தில் பீடி

1958இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ‘சட்டேதார்’ எனப்படும் இடைத்தரகர்களின் நிலையை ஆராய்ந்தது. முதலாளியிடம் தூள் பெற்று, தாமோ தம் ஆட்களைக் கொண்டோ பீடி சுற்றித் தருபவர்கள் இவர்கள். இவர்கள் தற்சார்பு ஒப்பந்தக்காரர்களே, தொழிற்சாலைத் தொழிலாளர் அல்லர் என நீதியரசர் சுப்பா ராவ் தீர்ப்பெழுதினார். ஆகவே அவர்களின்கீழ்ச் சுற்றியவர்களுக்கும் முதலாளிக்கும் தொடர்பில்லை என்றாயிற்று.

1960களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரு வழக்குகள் வந்தன. நாகபுரி வழக்கில் தொழிலாளர்கள் ஆலைக்கு விரும்பியபோது வரலாம், விரும்பியபோது போகலாம். ஆயின் நண்பகலுக்குப் பின் வந்தால் வேலை கிடையாது. தரமில்லாப் பீடிக்குக் கூலியும் கிடையாது. இவ்வளவு கட்டுப்பாடே போதும், அவர்கள் தொழிலாளரே என்றது நீதிமன்றம். மகாராட்டிரத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில் ஏறத்தாழ அதே வகை வேலைக்குப் பெரும்பான்மை நீதியரசர்கள் எதிர்மாறாகத் தீர்ப்பளித்தனர். அங்கு மாறுபட்டு எழுதியவர் சுப்பா ராவ். 1958இல் ஒப்பந்தக்காரர் என்று எழுதிய அதே பேனா இம்முறை தொழிலாளியின் பக்கம் நின்றது. இதை முரண்பாடு எனக் கொள்வதைவிட, பழைய உரைகல் அத்துறை வல்லாரின் கையிலேயே தேய்ந்து போனதற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.

அடுத்து வந்ததே சென்னை மாநில வழக்கு. கூலிக் குறைப்பை ஒட்டி எழுந்த பூசலை அரசு தொழில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. ‘இவர்கள் எம் தொழிலாளர் அல்லர், ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு நாங்கள் இலையும் தூளும் விற்கிறோம். பீடியை விலைக்கு வாங்குகிறோம்’ என்பது முதலாளிகளின் வாதம். ஒப்பந்தப் பத்திரங்களும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தன. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதியரசர் முதலாளிகளுக்குச் சார்பாகவும், மேல்முறையீட்டில் ஆயம் தொழிலாளருக்குச் சார்பாகவும் முடிவு கூறினர். இறுதியில் 1964இல் உச்ச நீதிமன்றம் திவான் மொகிதீன் சாகிப் அண்டு சன்ஸ் வழக்கு என அறியப்படும் தீர்ப்பில் தீர்ப்பாயத்தின் முடிவையே உறுதி செய்தது. ஒப்பந்தக்காரர் எனப்பட்டவர்கள் முழுதும் முதலாளியின் பிடியில் இருந்த வறியவர்கள். உண்மையில் கிளை மேலாளர் போன்ற முகவர்கள். ‘விற்றல், வாங்கல்’ என்பது வெறும் போர்வை. தொழிற்சாலைச் சட்டத்தைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு வகுக்கப்பட்டது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் சிறப்பு ஒன்றுண்டு. நீதிமன்றம் பத்திரத்தில் எழுதியதை விட்டு, பணமும் பொருளும் சென்ற வழியைப் பின்பற்றிச் சென்றது. விற்றதாகச் சொல்லப்பட்ட இலையை வாங்கியவர் வேறெவருக்கும் விற்க இயலுமா? செய்த பீடியை வேறு கடையில் போட இயலுமா? இயலாது எனின் அவர் வணிகர் அல்லர். மிக எளிய இவ்வினாக்களுக்கு மேல் இன்றுவரை பெரிதாக எதுவும் கண்டறியப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வழக்கின் தொழிலாளர்கள் இலையை வீட்டுக்குக் கொண்டு சென்று வெட்டினரே அன்றிப் பீடியைச் சுற்றியது ஒப்பந்தக்காரரின் கொட்டகையில். வீட்டிலேயே சுற்றி முடித்த பெண்களின் வழக்கு இன்னும் வரவில்லை.

1966ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாநிலம் 1958இலேயே பீடித் தொழிலகங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் இயற்றின. ஆனால் ஒரு மாநிலத்தில் சட்டம் வந்தால் முதலாளி இலை மூட்டையை எல்லை தாண்டி அனுப்பிவிடுவார். கட்டடமும் இயந்திரமும் இல்லாத் தொழிலுக்கு இடப்பெயர்ச்சி எளிது. இந்நிலை கண்டே நடுவண் அரசு 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் (வேலைநிலை) சட்டத்தைக் கொண்டுவந்தது.

அச்சட்டத்தின் வரையறை நோக்கத்தக்கது. ஊழியர் என்பவர் நேரடியாகவோ இடையாள் வழியாகவோ, கூலிக்கோ கூலியின்றியோ வேலை செய்பவர். முதலாளியோ ஒப்பந்தக்காரரோ தந்த மூலப்பொருளைக் கொண்டு வீட்டில் பீடி சுற்றுபவரும் ஊழியரே. ‘வீட்டுத் தொழிலாளி’ என்னும் பெயரும் சட்டத்திலேயே இடம்பெற்றது. கட்டுப்பாடு உண்டா, நேரம் உண்டா என்னும் வினாக்களைச் சட்டம் எழுப்பவே இல்லை. மூலப்பொருள் யாருடையது என்று மட்டும் கேட்டது. மறுபுறம், எவருக்கும் ஊழியராக இல்லாமல் தம் வீட்டில் குடும்பத்தார் துணையுடன் பீடி செய்பவருக்குச் சட்டம் பொருந்தாது என 43ஆம் பிரிவு கூறியது. ஒரே தெருவில் இருவர் முறத்தோடு அமர்ந்திருப்பர். தாமே இலை வாங்கித் தாமே விற்பவர் தற்சார்பினர். கடை இலையைச் சுற்றுபவர் ஊழியர். தரமற்றது எனப் பீடியைத் தள்ளுவதால் எழும் பூசலுக்கும் சட்டம் தீர்வு வழி வகுத்தது.

சட்டத்தின் உடனடி விளைவு நன்மையாக இருக்கவில்லை. கேரளம் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, கண்ணூர் வட்டாரத்தில் பீடி செய்வித்த மங்களூர் நிறுவனங்கள் 1968இல் தம் கொட்டகைகளை மூடின. ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். அக்கொட்டகைகளுக்கு ஒரு தனிப் பண்பு இருந்தது. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவர். படிப்பவரின் பங்கைப் பிறர் சுற்றிக் கொடுப்பர். தொழிற்சங்கம் வளர்ந்த இடம் அதுவே. வேலையிழந்தோர் 1969இல் மாநில அரசின் துணையுடன் தினேஷ் பீடி கூட்டுறவு அமைப்பை நிறுவினர். ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்னும் வினாவுக்குத் தொழிலாளரே உரிமையாளர் என்னும் மூன்றாவது விடையை அவர்கள் அளித்தனர்.

பிற இடங்களில் இவ்விடை எழவில்லை. தமிழகத்திலும் கருநாடகத்திலும் வேலை கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தது. அதனுடன் ஆண் கையிலிருந்து பெண் கைக்கும் நகர்ந்தது. வீட்டில் சுற்றும் பெண்ணும் ஊழியர் என்று சட்டம் சொல்லியும், பத்துப் பேர் ஒரே இடத்தில் கூடாததால் அவர்களை ஒன்றுதிரட்டுவது கடினமாயிற்று. செய்தித்தாள் படிக்க ஆள் இல்லை. சட்டம் உரிமையைக் கொடுத்தது. அதைக் கேட்பதற்குரிய கூட்டத்தைக் கலைத்ததிலும் அதற்குப் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

தள்ளும் உரிமை

1966ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 1974இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் தையற்கடை ஒன்றின் வழக்கிலும் இதே போக்குத் தெரிந்தது. துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று தைக்கும் வழக்கம் சிலரிடம் இருந்ததால் மட்டும் அக்கடையின் தையற்காரர்கள் ஊழியர் அல்லர் என்று ஆகிவிடாது. கட்டுப்பாடு என்பது பல அளவைகளுள் ஒன்றே என்றது நீதிமன்றம். சரியாகத் தைக்காததைப் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருந்தமை அங்கே கருத்தில் கொள்ளப்பட்டது.

அக்கருத்து முழுமை பெற்றது 1985இல். ஊழியர் சேமநிதிச் சட்டம் 1977இல் பீடித் தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. வீட்டில் சுற்றுவோருக்கும் சேமநிதி செலுத்த வேண்டுமா என்பதே பி. எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கின் வினா. வீட்டில் யார் சுற்றுகிறார், எப்போது சுற்றுகிறார், யார் உதவுகிறார் என்பது எமக்குத் தெரியாது. மேற்பார்வை இல்லாத இடத்தில் ஊழியர் உறவு ஏது என்று நிறுவனங்கள் வாதிட்டன. நீதியரசர் பதக் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. பீடியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது தரமற்றதைத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது, அவ்வுரிமையே கட்டுப்பாடு. அருகில் நின்று பார்க்க வேண்டியதில்லை. தள்ளப்படுவோம் என்னும் அச்சம் ஒவ்வொரு சுற்றிலும் விரலோடு இருக்கிறது என்று இதை நாம் விளக்கிக்கொள்ளலாம். இத்தீர்ப்புக்குப் பின் சேமநிதி அட்டை பல வீடுகளுக்குள் நுழைந்தது.

பெண்களின் பொருளியல் வாழ்வில் இது சிறு செய்தியன்று. 1976இல் இயற்றப்பட்ட நலநிதிச் சட்டங்களால் பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும், வீட்டு உதவியும் கிடைத்தன. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் அத்தகைய மருத்துவமனை ஒன்று உண்டு. இவையனைத்துக்கும் வாயில், ‘இவர் பீடித் தொழிலாளி’ எனக் கூறும் ஓர் அடையாள அட்டை. அந்நலநிதிக்குரிய தீர்வை 2017இல் பொருள் சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது.

நம் நாடுகளின் நிலை

மலேசியத் தமிழருக்கு இடையாள் முறை அறியாததன்று. கங்காணி காலம் கழிந்த பின்னும் தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளரின் இடத்தில் குத்தகை ஆட்கள் வந்தனர். நம் வழக்கில் ‘குத்தகை’ என்னும் சொல்லுக்கு அமைந்த பொருளே இவ்வரலாற்றின் எச்சம் எனலாம்; தமிழகத்தில் அது பெரிதும் நிலத்துக்குரிய சொல்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2023 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று இங்குக் கருதத்தக்கது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை முறையோ நேரமோ பிறர் கட்டுப்பாட்டில் இருத்தல், கருவியோ மூலப்பொருளோ பிறர் தருதல், வேலை அவருடைய தொழிலின் இன்றியமையாக் கூறாக இருத்தல் போன்றவை காணப்பட்டால் ஊழியர் எனக் கொள்ளலாம் என்கிறது 101சி பிரிவு. சென்னை வழக்கில் கேட்கப்பட்ட வினாக்களின் உறவினர்கள் இவை. சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தளத் தொழிலாளர் சட்டம், ஊழியருக்கும் தற்சார்பினருக்கும் இடையே மூன்றாம் வகை ஒன்றை உண்டாக்கிச் சேமநிதியையும் விபத்து இழப்பீட்டையும் அவர்களுக்கு அளித்தது. மலேசிய நாடாளுமன்றமும் 2025இல் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. 1996ஆம் ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற வீட்டு வேலை உடன்படிக்கை, கருவியும் மூலப்பொருளும் யாருடையவை ஆயினும், பிறர் குறித்தபடி வீட்டில் செய்து தருபவர், உண்மையான தன்னாட்சியும் பொருளியல் விடுதலையும் இல்லாத வரை, வீட்டுத் தொழிலாளரே என்கிறது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் அதில் ஒப்பமிடவில்லை.

இந்தியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனித்து இல்லை. 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றில் அது கரைந்தது. அத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. தம் வீட்டில் தற்சார்பாகச் சுற்றுபவருக்கு விலக்களிக்கும் பழைய 43ஆம் பிரிவின் கருத்து புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. அவ்விலக்குக்குள் ஒருவரைத் தள்ளுவதற்குப் பதிவேட்டில் பெயரை எழுதாமல் விட்டாலே போதும். ஓர் அட்டைக்குப் பின்னால் தாயும் இரு மகள்களும் சுற்றும் வீடுகள் பல உண்டு. கடையில் எண்ணப்படுவது மூவரின் பீடி. அட்டையில் இருப்பது ஒருவரின் பெயர்.